நெசவாளருக்கு வரும் உதவி யார் கைக்குப் போய்ச் சேர்கிறது?



ஆகஸ்ட் 7ஆம் நாளை நாடெங்கும் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1905ஆம் ஆண்டு அதே நாளில்தான் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியது. அதன் நினைவாக 2015இல் இந்த நாள் அறிவிக்கப்பட்டது. முதல் விழா நடந்ததும் நம் சென்னையில்தான். ஒவ்வோர் ஆண்டும் விழா நடக்கிறது, விருதுகள் தரப்படுகின்றன, புதிய திட்டங்கள் அறிவிக்கப்படுகின்றன. ஆனால் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் போய், "உங்களுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டால், "ஒன்றும் வரவில்லையே பாய்" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பது உண்மையன்று. எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது என்பதும் உண்மையன்று. உதவி எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் உரியவர் அதைக் கேட்டுப் பெற முடியும். இந்த மாதப் பாடம் அதற்காகவே. நெசவாளர் குடும்பங்கள் மட்டுமல்லாமல் துணி வாங்குகிற, துணி வியாபாரம் செய்கிற, ரமலானில் துணி தானம் செய்கிற எல்லாக் குடும்பங்களும் இதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1. தொழில் ஏன் நலிந்தது?

முதலில் அளவைப் பார்ப்போம். 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35.22 லட்சம் பேர் கைத்தறித் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் 26.73 லட்சம் பேர் நெசவாளர்கள். மற்றவர்கள் தார் சுற்றுவது, பாவு ஓட்டுவது, சாயம் போடுவது போன்ற துணை வேலை செய்பவர்கள். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பில் இந்த எண்ணிக்கை 43.31 லட்சம். பத்தே ஆண்டுகளில் எட்டு லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். மீதியிருப்பவர்களின் நிலை என்ன? நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது.

இதற்குக் காரணங்கள் பல. முக்கியமானவை மூன்று.

முதலாவது நூல். கைத்தறிக்குச் சிட்டா நூல் வேண்டும். விசைத்தறிக்குக் கோன் நூல் போதும். ஆலைகளுக்குக் கோன் நூல் விற்பதுதான் எளிது. ஆகவே, உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்பும் நூலில் ஒரு பங்கைக் கட்டாயம் சிட்டாவாகக் கட்ட வேண்டும் என்று அரசு ஆலைகளுக்கு விதி வைத்திருக்கிறது. அந்தப் பங்கு முன்பு 50 விழுக்காடாக இருந்தது. 2003இல் 40 ஆனது. 2019இல் 30 ஆகக் குறைக்கப்பட்டது. பருத்தி விலை ஏறும்போதெல்லாம் முதலில் அடிபடுபவர், ஒரு நேரத்தில் ஒரு பாவுக்கு மட்டும் நூல் வாங்க முடிகிற சிறு நெசவாளர்தான்.

இரண்டாவது போட்டி. கைத்தறியில் ஒருவர் ஒரு நாள் முழுக்க நெய்வதை விசைத்தறி ஒரு சில மணி நேரத்தில் நெய்துவிடும். அதே கட்டம், அதே கரை, அதே நிறம். விலை மட்டும் பாதி. இதைத் தடுக்கவே 1985இல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் 22 ரகங்கள் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. பிறகு அது 11 ரகங்களாகச் சுருங்கியது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம், படுக்கை விரிப்பு ஆகியவற்றில் குறிப்பிட்ட வகைகள் இன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன. இந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றமும் 1993இல் ஏற்றுக்கொண்டது. சட்டம் இருக்கிறது, அமலாக்க அலுவலர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நாம் கடையில் வாங்கும் கைலியில் எத்தனை உண்மையில் கைத்தறி என்பதை நாமே அறிவோம்.

மூன்றாவது கூலி. நெசவாளருக்கு மாதச் சம்பளம் இல்லை. முடித்த உருப்படிக்குத்தான் கூலி. பாவு ஏற்றும் நாளுக்கும், நூல் வராத நாளுக்கும், மழையில் குழித்தறிக்குள் தண்ணீர் ஏறும் நாளுக்கும், காய்ச்சலில் படுத்த நாளுக்கும் கூலி கிடையாது. பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்த்து வளர்கிறார்கள். அதனால் அடுத்த தலைமுறை கம்பெனி வேலைக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2. அரசு எந்தெந்த வழியில் உதவுகிறது?

திட்டங்களின் பெயர்கள் ஏராளம். மனத்தில் நிறுத்திக்கொள்ள அவற்றை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

நூலுக்கான உதவி: மத்திய அரசின் நூல் வழங்கும் திட்டத்தில் பருத்திச் சிட்டா நூல், உள்நாட்டுப் பட்டு, கம்பளி, லினன் ஆகியவற்றுக்கு 15 விழுக்காடு விலை மானியம் உண்டு. நூலைக் கொண்டுவந்து சேர்க்கும் போக்குவரத்துச் செலவும் ஈடு செய்யப்படுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 10,000 ரூபாய்க்கு நூல் வாங்கும் ஒருவருக்கு மானியம் 1,500 ரூபாய். ஆண்டுக்கு 18,000 ரூபாய். ஒரு தறிக்கு இவ்வளவு எடை வரைதான் என்று மாத வரம்பு உண்டு. வரம்புக்குள் வாங்குகிறவருக்கு இது சிறு தொகையன்று.

தறிக்கும் இடத்துக்குமான உதவி: தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தின் கீழ்ப் புதிய தறி, ஜக்கார்டு, டாபி போன்ற உபகரணங்கள் வாங்க விலையில் 90 விழுக்காட்டை அரசு ஏற்கிறது. வீட்டோடு சேர்த்துத் தனி நெசவுக்கூடம் கட்ட 1.2 லட்சம் ரூபாய் என்று அளவு வைத்து மானியம் தரப்படுகிறது. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். 200 யூனிட்டாக இருந்தது 2023இல் உயர்த்தப்பட்டது. மற்ற வீடுகளுக்கு 100 யூனிட்தான் இலவசம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சந்தைக்கான உதவி: தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தொடங்கப்பட்டது. ஊர்தோறும் உள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெசவாளருக்கு நூல் கொடுத்து, துணியை வாங்கிக்கொண்டு, கூலி கொடுக்கின்றன. அந்தத் துணியை கோ-ஆப்டெக்ஸ் விற்கிறது. பண்டிகைக் காலங்களில் 30 விழுக்காடு தள்ளுபடி தருவதும் தேங்கிய சரக்கு நகர்வதற்காகத்தான். 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட சேலைகளையும் ஏறத்தாழ அதே அளவு வேட்டிகளையும் அரசே வாங்குகிறது. பொங்கலுக்கு ஏழைகளுக்குத் துணி என்பது ஒரு பயன்; தறி ஓடாத மாதங்களில் நெசவாளருக்கு வேலை என்பது இன்னொரு பயன். பள்ளிச் சீருடைத் துணியும் அவ்வாறே.

ஆளுக்கான உதவி: கூட்டுறவுச் சங்க உறுப்பினராக உழைத்து 60 வயது கடந்தவர்களுக்கு மாத ஓய்வூதியம் உண்டு. நெசவாளர் இறந்துவிட்டால் குடும்ப ஓய்வூதியம் உண்டு. சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் நெசவாளர் தம் கூலியில் ரூபாய்க்கு 8 காசு செலுத்தினால், அரசும் தன் பங்கைச் சேர்த்து அவர் கணக்கில் வைக்கிறது. ஆயுள் காப்பீடும் விபத்துக் காப்பீடும் தலா 2 லட்சம் ரூபாய் அளவில் கைத்தறி நலத் திட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. நெசவாளரின் பிள்ளைகள் அங்கீகரிக்கப்பட்ட நெசவுத் தொழில்நுட்ப நிறுவனங்களில் படித்தால், ஒரு குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கல்வி உதவி பெற வழி இருக்கிறது. சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. வாப்பாவின் தொழிலைத் தறியில் உட்காராமலே தொடர ஒரு பிள்ளைக்கு இது நல்ல வாய்ப்பு.

3. பிறகு ஏன் கைக்கு வருவதில்லை?

இதுதான் பாடத்தின் நடுப்பகுதி. கவனமாகப் படியுங்கள்.

நெசவாளர்கள் மூன்று வகையாக வேலை செய்கிறார்கள். சொந்தமாக நூல் வாங்கி, சொந்தமாக நெய்து, சொந்தமாக விற்பவர் ஒருவர். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி, சங்கத்தின் நூலை நெய்து கொடுப்பவர் இன்னொருவர். மாஸ்டர் வீவர் எனப்படும் முதலாளியிடம் பாவும் ஊடையும் வாங்கி, அவர் சொன்ன ரகத்தை நெய்து கொடுத்துக் கூலி பெறுபவர் மூன்றாமவர்.

மேலே சொன்ன உதவிகளை மறுபடியும் ஒன்றொன்றாகப் பாருங்கள். நூல் மானியம் நூல் வாங்குகிறவருக்குத்தான். மூன்றாமவர் நூலே வாங்குவதில்லை. ஆகவே அவருக்கு மானியம் இல்லை. ஓய்வூதியமும் சேமிப்புத் திட்டமும் சங்க உறுப்பினருக்குத்தான். மூன்றாமவர் சங்கத்தில் இல்லை. தள்ளுபடி சங்கத் துணிக்குத்தான். மூன்றாமவரின் துணி முதலாளியின் கடைக்குப் போகிறது. அரசு கொள்முதல் சங்கங்களிடமிருந்துதான். அங்கும் அவருக்கு இடமில்லை.

யாரும் அவரை விரட்டவில்லை. திட்டங்கள் எல்லாம் முதல் இருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆனால் கூலிக்கு நெய்பவர்தான் எல்லோரிலும் நலிந்தவர். நூலுக்குப் போட முதல் இல்லாததால்தானே அவர் முதலாளியிடம் போனார்? அதிகம் தேவையுள்ளவருக்கு அதிகம் எட்டாமல் போவது இந்த இடத்தில்தான்.

ஆனாலும் அவருக்கும் திறந்திருக்கும் வாசல்கள் உண்டு. தறி உபகரணம், நெசவுக்கூடம், இலவச மின்சாரம், காப்பீடு, பிள்ளைகளின் கல்வி உதவி ஆகியவை ஆளைப் பார்த்துத் தரப்படுபவை. நூலைப் பார்த்தோ சங்கத்தைப் பார்த்தோ தரப்படுபவை அல்ல. இவற்றுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: இவர் நெசவாளர் என்று அரசின் ஏட்டில் பதிவாகி இருக்க வேண்டும். அதற்கு அடையாளம் நெசவாளர் அடையாள அட்டை.

இந்த அட்டை இல்லாத குடும்பங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. கணக்கெடுப்பாளர் வந்த நாளில் வீடு பூட்டியிருந்தது, வாடகை வீடு மாறிவிட்டோம், ஏதோ வரி போட வருகிறார்கள் என்று பயந்து பேர் சொல்லவில்லை என்று காரணங்கள் பல. விடுபட்டவர்கள் பிறகு பதிவு செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. மாவட்டத்திலோ சரகத்திலோ உள்ள கைத்தறி உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகினால் போதும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அட்டை தறியில் உட்காருபவருக்கு மட்டுமன்று. வீட்டுத் திண்ணையில் தார் சுற்றிக்கொடுக்கும் உம்மாவும், பாவுக்குக் கஞ்சி போட்டு உலர்த்தும் சாச்சாவும் கணக்கெடுப்பில் தொழிலாளர்கள்தான். "நான் எங்கே நெய்கிறேன், கூடமாட ஒத்தாசைதானே செய்கிறேன்" என்று நம் பெண்கள் பேர் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நாட்டில் கைத்தறித் தொழிலாளரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள்தான். ஒரு வீட்டில் இரண்டு பேர் உழைத்தால் இரண்டு பேருமே பதிய வேண்டும்.

4. பாய் நெசவு: வாசல் வேறு

தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பங்களின் பெயரோடு ஒட்டிய நெசவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பத்தமடைப் பாய்தான். திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை ஊறவைத்து, கீறி, சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் நெய்கிறார்கள். லெப்பைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் இந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. துணிபோல் மடித்து வைக்கக்கூடிய மென்பாய் அவர்கள் கைத்திறனுக்குச் சான்று. 1953இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பரிசாகப் பத்தமடைப் பாய் போனது பலரும் அறிந்த செய்தி. பிற்காலத்தில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் குறியீட்டால் மற்ற ஊர்ப் பாயைப் பத்தமடைப் பாய் என்று சொல்லி விற்பது சட்டப்படி தவறாகிறது.

இங்கே பல குடும்பங்கள் தடுமாறுகிற ஓர் இடம் உண்டு. பாயையும் தறியில்தான் நெய்கிறோம், ஆகவே கைத்தறி அலுவலகம்தான் நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அரசுக் கணக்கில் பாய் நெசவு கைத்தறி ஆகாது. அது கைவினைப் பொருள். கைவினைஞர் அடையாள அட்டை வேறு, அதற்கான அலுவலகம் வேறு. மத்திய அரசில் கைத்தறிக்கு ஒரு வளர்ச்சி ஆணையர், கைவினைப் பொருட்களுக்கு இன்னொரு வளர்ச்சி ஆணையர். விற்பனைக்கு அங்கே கோ-ஆப்டெக்ஸ் என்றால் இங்கே பூம்புகார் நிறுவனம். தவறான வாசலில் எத்தனை நாள் நின்றாலும் மனு நகராது.

2023இல் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது அதில் உள்ள 18 தொழில்களில் கூடை, பாய், துடைப்பம் செய்வோரும் இடம்பெற்றார்கள். குடும்பத் தொழிலை அடிப்படையாகக் கொண்ட அந்த அமைப்பையும் பதினெட்டு வயதிலேயே சேரலாம் என்பதையும் ஏற்க இயலாது என்று சொல்லித் தமிழ்நாடு அரசு அதைச் செயல்படுத்தவில்லை. மாறாக 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 35 வயது நிறைந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். பாய் பின்னுதல் உள்பட 25 தொழில்கள் அதில் உள்ளன. 3 லட்சம் ரூபாய் வரை கடன். அதில் 25 விழுக்காடு, 50,000 ரூபாய்க்கு மிகாமல் மானியம். விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக. ஆகப் பாய் நெசவாளர் கேட்க வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம்தான்.

5. கடன், வட்டி, முன்பணம்

நம் குடும்பங்கள் மிகவும் தயங்குகிற இடம் இது. அந்தத் தயக்கத்துக்கு நியாயம் இருக்கிறது. வட்டியிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்பது நம் அடிப்படை.

அரசின் நெசவாளர் முத்ரா கடன் 6 விழுக்காடு வட்டியில் தரப்படுகிறது. கடன் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 25,000 ரூபாய், முன்தொகையாக அரசே தருகிறது. டாம்கோ எனப்படும் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கைவினைஞர் கடனிலும் வட்டி குறைவுதான். ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. இவற்றை எடுக்கலாமா, காப்பீட்டில் சேரலாமா என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் உங்கள் மஹல்லாவின் ஆலிம்கள். உங்கள் நிலையை முழுமையாகச் சொல்லி அவர்களிடம் கேளுங்கள்.

ஆனால் இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது: வட்டிக்குப் பயந்து, அரசு உதவி எதுவுமே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறோம். மேலே இரண்டாவது பகுதியில் சொன்ன நூல் மானியம், தறி, நெசவுக்கூடம், மின்சாரம், ஓய்வூதியம், கல்வி உதவி ஆகிய எதையும் பெறக் கடன் வாங்கத் தேவையில்லை. கடன் பற்றிய கேள்வி முடிவாகும்வரை இவற்றைக் கேட்காமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

இரண்டாவது: வங்கிக் கடனில் வட்டி கண்ணுக்குத் தெரிகிறது. முதலாளி தரும் முன்பணத்தில் தெரிவதில்லை. மகளின் நிக்காஹ்வுக்கு, மருத்துவச் செலவுக்கு என்று முன்பணம் வாங்குகிறோம். வட்டி கேட்பதில்லை, நல்ல மனிதர் என்கிறோம். உண்மையிலேயே நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். ஆனால் முன்பணம் தீரும்வரை வேறு யாருக்கும் நெய்யக் கூடாது. வெளியில் கூலி உயர்ந்தாலும் இங்கே பழைய கூலிதான் என்று ஆகிவிட்டால், அந்த வித்தியாசம் என்ன? ஓர் உருப்படிக்கு 50 ரூபாய் குறைவு, மாதம் 12 உருப்படி என்று வைத்துக்கொண்டால் மாதம் 600 ரூபாய். ஆண்டுக்கு 7,200 ரூபாய். இத்தனையும் போனபின்னும் அசல் அப்படியே நிற்கிறது. இதற்கு என்ன பெயர் என்பதையும் ஆலிம்களிடம் கேட்க வேண்டும். முதலாளியாக இருக்கும் நம் சகோதரர்கள் இன்னும் முன்னதாகக் கேட்க வேண்டும்.

6. விசைத்தறிக்காரர் எதிரியா?

கைத்தறியைப் பற்றிப் பேசும்போது விசைத்தறியைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒதுக்கப்பட்ட ரகத்தை விசைத்தறியில் ஓட்டிக் கைத்தறி என்று விற்பது ஏமாற்றுதான்; அதில் சந்தேகமில்லை. ஆனால் ஈரோடு, திருச்செங்கோடு, பல்லடம், சோமனூர் பக்கம் போய்ப் பார்த்தால் நாலு தறி, ஆறு தறி வைத்துக்கொண்டு பிறருடைய நூலைக் கூலிக்கு ஓட்டும் சிறு குடும்பங்கள்தான் அங்கே அதிகம். அவர்களும் கூலி உயர்வுக்காகப் பலமுறை தறியை நிறுத்திப் போராடியவர்கள். கைத்தறிக்காரர் மாஸ்டர் வீவரிடம் நிற்பதுபோலவே அவர்களும் ஜவுளி உற்பத்தியாளரிடம் நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம். இதுவும் 2023இல் 750இலிருந்து உயர்த்தப்பட்டதுதான். இலவச வேட்டி சேலை வேலையில் பெரும்பகுதியும் அவர்களுக்கே போகிறது. இது தவறன்று. இரண்டு தொழிலும் பிழைக்க வேண்டும். விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் இருவருக்கும் இடமுண்டு. ஒன்றின் பெயரில் மற்றொன்றை விற்பதுதான் இருவரையும் கெடுக்கிறது. வாணிபத்தில் குறையை மறைக்கக் கூடாது என்பதை நம் வியாபாரிகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

7. ஜமாஅத்தும் நாமும் செய்யக்கூடியவை

அரசைக் குறை சொல்வது எளிது. நம் கையில் இருப்பதை முதலில் செய்வோம்.

அ) மஹல்லாவில் நெசவு, பாய் நெசவு, துணை வேலை செய்யும் குடும்பங்களின் பட்டியலை எடுக்க வேண்டும். யாருக்கு அட்டை இருக்கிறது, யாருக்கு இல்லை. யார் சங்கத்தில், யார் முதலாளியிடம் என்று ஒரு நோட்டில் எழுதிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஆ) ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், தறியோடு எடுத்த புகைப்படம் ஆகியவற்றைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள். ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். முகமது, முஹம்மது, மொகமது என்ற எழுத்து வேறுபாட்டால் நம் மனுக்கள் திரும்பி வருவது எல்லோரும் அறிந்ததே.

இ) மனு கொடுத்தால் ரசீது வாங்குங்கள், தேதியைக் குறித்து வையுங்கள். மானிய அளவுகள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். ஆகவே மனு கொடுக்கும் நாளில் நடப்பு விவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள்.

ஈ) ரமலானில் ஜகாத்தாகவும் ஸதகாவாகவும் சேலையும் கைலியும் வழங்குவது நம் ஊர்களின் நல்ல வழக்கம். அந்தத் துணியை எங்கே வாங்குகிறோம்? மலிவு என்று தொலைவிலிருந்து மொத்தமாக வரவழைப்பதற்குப் பதில், சில மாதங்கள் முன்னதாகவே பக்கத்து நெசவாளர் சங்கத்திலோ நம் நெசவாளர்களிடமோ சொல்லிவைத்தால், அதே பணம் இரண்டு வீட்டுக்குப் பயன்படும். நெய்தவருக்குக் கூலியாகவும், பெற்றவருக்கு உடையாகவும். எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம். துணி கூடுதல் நாள் உழைக்கும்.

உ) பெருநாளுக்கு நம் வீட்டுக்கு வாங்கும்போது கைத்தறி முத்திரையைப் பாருங்கள். 2006இல் அரசு அறிமுகப்படுத்திய அந்த முத்திரை இல்லாமல் "கைத்தறி" என்று கடைக்காரர் சொன்னால், "முத்திரை எங்கே?" என்று கேளுங்கள். நான்கு பேர் கேட்டால் ஐந்தாவது முறை அவரே வாங்கி வைப்பார்.

ஊ) ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டவர்களும் உண்டு என்பதை நாம் அறிவோம். முன்பணக் கடனில் பல ஆண்டுகளாகக் கட்டுண்டிருக்கும் ஒரு நெசவாளரை அதிலிருந்து ஒரே தவணையில் விடுவிப்பதும், பைத்துல்மாலிலிருந்து ஒரு பாவுக்கான நூலுக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பதும், ஆண்டுதோறும் அவர் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுப்பதைவிட மேலான உதவி. சொந்தமாக நூல் வாங்கத் தொடங்கிய அன்றே அவர் நூல் மானியத்துக்கும் தகுதி பெற்றுவிடுகிறார். அதாவது நாம் தூக்கிவிடும் ஒரு படி, அரசு வைத்திருக்கும் அடுத்த படிக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தனியாக அரசாலும் இது முடியாது, தனியாக நம்மாலும் முடியாது.

8. வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்விகள்

1. நம் வீட்டில் தறி வேலையோ துணை வேலையோ செய்யும் எல்லோருக்கும் அடையாள அட்டை இருக்கிறதா?
2. நாம் செய்வது கைத்தறியா, கைவினையா? நமக்குரிய அலுவலகம் எது?
3. நமக்கு வாங்கியிருக்கும் முன்பணம் எவ்வளவு? அதனால் கூலியில் எவ்வளவு குறைகிறது? காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.
4. நாம் முதலாளியாக இருந்தால், நம்மிடம் நெய்பவர் பதிவு பெற நாம் உதவியிருக்கிறோமா, தடுத்திருக்கிறோமா?
5. கடைசியாக வாங்கிய கைலியும் சேலையும் யார் நெய்தவை?

நெசவு அழிந்துவிடும் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அழிந்துவிடவில்லை, ஆனால் நெய்கிற கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. எல்லாப் பிள்ளைகளும் தறியில் உட்கார வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. உட்கார விரும்புகிறவர், கூலியோடும் கண்ணியத்தோடும் உட்கார வேண்டும் என்பதே கேட்கிறோம். அட்டை இல்லாத குடும்பம் ஏதேனும் உங்கள் தெருவில் இருந்தால் அவர்களை அறக்கட்டளை அலுவலகத்துக்கு அழைத்துவாருங்கள். படிவம் நிரப்புவதிலிருந்து உரிய அலுவலகத்தில் சேர்ப்பதுவரை உடன் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்